விமானியின் வரைபடமும் வியாழக்கிழமையும்



டிராயிங் ஹாலில் நாம் முதலில் கற்றுக்கொள்வது டைட்டில் பிளாக். ஷீட்டின் வலது கீழ் மூலையில் கட்டம் போட்டு, பெயர், ஸ்கேல், தேதி எல்லாம் எழுதவேண்டும். அது மார்க்குக்காக எழுதுவது, அவ்வளவுதான் என்று பலரும் நினைப்பதுண்டு. ஆனால் இன்பிளான்ட் டிரெயினிங் போய்வந்த சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள். "தம்பி, டிராயிங்குல முதல்ல ரிவிஷன் நம்பரைப் பாரு, அப்புறம் டைமன்ஷனைப் பாரு" என்பார்கள். டிராயிங் ஆபீசில் அளவை மாற்றியிருப்பார்கள். ஷாப் ஃப்ளோரில் பழைய பிரிண்ட்டே கிடக்கும். அதைப் பார்த்துக் கடைந்த ஜாப் அத்தனையும் ஸ்கிராப்புக்குப் போகும்.

ஷாப் ஃப்ளோரில் வீணாவது இரும்பு. பழைய வரைபடத்தை நம்பி ஒரு விமானி மேகத்துக்குள் இறங்கினால் வீணாவது என்ன? சொல்லத் தேவையில்லை.

அன்றைய தேதிக்குச் செல்லுபடியாகும் வரைபடம் விமானிக்கு எப்படிக் கிடைக்கிறது, யார் தயாரிக்கிறார்கள், யார் திருத்துகிறார்கள் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. "சிவில் படிக்கிறவனுக்கு ஏரோப்ளேனோட என்னப்பா வேலை?" என்று சிரிக்கவேண்டாம். கடைசியில் அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம்.

வரைபடம் ஒன்றல்ல, பல

பஸ் டிரைவருக்கு ரோடு கண்ணுக்குத் தெரிகிறது. விமானிக்கு ரோடு என்பதே தாளில்தான் இருக்கிறது. ஆகவே ஒரே பயணத்துக்குப் பல வரைபடங்கள் வேண்டும்.

1. விமான நிலைய வரைபடம்: ஓடுபாதை, டாக்ஸி பாதை, விமானம் நிற்கும் இடங்கள்.
2. புறப்பாட்டு வரைபடம்: மேலெழும்பியபின் எந்தப் பக்கம் திரும்பவேண்டும், எந்த இடத்தில் எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்பது.
3. வழித்தட வரைபடம்: வானத்தின் நெடுஞ்சாலைகள், ரேடியோ நிலையங்கள், அவற்றின் அலைவரிசைகள்.
4. வருகை வரைபடம்: நெடுஞ்சாலையிலிருந்து விலகி ஊருக்குள் வரும் வழி.
5. இறங்குமுறை வரைபடம்: ஓடுபாதையை நோக்கிப் படிப்படியாக இறங்கும் உயரங்கள், எந்த உயரத்தில் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் மறுபடி மேலே ஏறவேண்டும் என்ற கணக்கு.

கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கும் சிறிய விமானங்களுக்கு மலை, ஆறு, ரயில் பாதை, கோபுரம் காட்டும் வரைபடம் தனி. அமெரிக்காவில் 'செக்‌ஷனல்' என்று சொல்லப்படும் அந்த வகையின் ஸ்கேல் 1:5,00,000. அதாவது தாளில் 1 சென்டிமீட்டர், தரையில் 5 கிலோமீட்டர்.

ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

மலை நகராது, ஓடுபாதையும் நகராது, அப்புறம் எதுக்கு அடிக்கடி புது வரைபடம் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி.

மலை நகராது, ஆனால் மலைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு டவர் முளைக்கும். ஓடுபாதையை நீட்டுவார்கள், பழுதுபார்க்க ஒரு பகுதியை மூடுவார்கள். ரேடியோ அலைவரிசையை மாற்றுவார்கள். பழைய ரேடியோ நிலையத்தை எடுத்துவிட்டு செயற்கைக்கோள் முறைக்குப் போவார்கள். ராணுவப் பயிற்சிக்காக வானத்தில் ஒரு பகுதியைத் தடை செய்வார்கள். நம் சர்க்கார் 1996-ல் மெட்ராஸைச் சென்னை என்று மாற்றியதுபோல ஊர்ப் பெயரும் மாறும். விமான நிலையத்தின் வி.ஓ.எம்.எம். என்ற நான்கெழுத்துக் குறியீடும், பயணச்சீட்டில் வரும் எம்.ஏ.ஏ. என்ற மூன்றெழுத்தும் மட்டும் இன்றும் மெட்ராஸ் நினைவாக அப்படியே இருக்கின்றன.

இன்னொரு ஆச்சரியம். ஓடுபாதையின் எண்ணே மாறும்! சென்னையில் 07/25, 12/30 என்று இரண்டு ஓடுபாதைகள். 07 என்றால் காம்பஸில் ஏறக்குறைய 70 டிகிரி திசை; அதே பாதையை எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் 180 கூட்டி 250, அதாவது 25. சர்வேயிங் பாடத்தில் ஃபோர் பேரிங், பேக் பேரிங் படித்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பூமியின் காந்த வடதுருவம் மெல்ல நகர்வதால் காம்பஸ் காட்டும் திசையும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறும். சேர்த்துப் பார்த்தால் ஒரு நாள் எண்ணையே மாற்றவேண்டி வரும். லண்டனின் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 2009-ல் 05/23 என்ற ஓடுபாதை 04/22 ஆனது. அமெரிக்காவின் டாம்பா விமான நிலையத்தில் 2011 ஜனவரியில் ஓடுபாதையை மூடிவிட்டுப் பெயின்ட் அடித்து எண்ணை மாற்றினார்கள். சிமென்ட் தரை அங்கேயேதான் இருந்தது; வரைபடம் மட்டும் பழசாகிவிட்டது.

யார் தயாரிக்கிறார்கள்?

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோ நகரில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதிலிருந்து பிறந்ததுதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. அந்த ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பு, வரைபடங்களை எப்படி வரையவேண்டும் என்று சொல்கிறது. நாம் பி.ஐ.எஸ். கோட் பார்த்து வரைகிறோமே, அதுபோல. பதினைந்தாம் இணைப்பு, வானூர்தித் தகவலை எப்படிச் சேகரித்து எப்படி வெளியிடவேண்டும் என்று சொல்கிறது.

இதன்படி ஒவ்வொரு நாடும் தன் வானத்துக்கும் தன் விமான நிலையங்களுக்கும் தானே பொறுப்பு. எல்லாத் தகவலையும் ஒரே நூலாகத் தொகுத்து வெளியிடவேண்டும். அந்த நூலை ஏ.ஐ.பி. என்கிறார்கள். பொது, வழித்தடம், விமான நிலையம் என்று அதற்கு மூன்று பாகங்கள். இந்தியாவுக்கான ஏ.ஐ.பி.யை இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடுகிறது. மதுரையின் ஓடுபாதை எத்தனை மீட்டர், திருச்சியில் எந்த அலைவரிசை என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்று அது கணினிப் பதிப்பாக இணையத்திலேயே கிடைக்கிறது.

ஏன் வியாழக்கிழமை?

இனிதான் முக்கியமான இடம். நாடுகள் தத்தம் இஷ்டப்படி, இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று திருத்தினால் என்ன ஆகும்? சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிற விமானியிடம் ஒரு வழி, அங்கே தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளரிடம் இன்னொரு வழி என்று ஆகும். அதைவிட ஆபத்து வேறில்லை.

ஆகவே உலகம் முழுவதும் சேர்ந்து ஒரு காலண்டர் வைத்துக்கொண்டது. அதன் பெயர் ஏராக். 1964-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. முக்கியமான மாற்றங்கள் 28 நாட்களுக்கு ஒரு முறை, வியாழக்கிழமையில் மட்டுமே அமலுக்கு வரும். பெரும்பாலான நாடுகளில் உலகப் பொது நேரம் 00.00 மணிக்கு, அதாவது நமக்கு அன்று காலை 5.30-க்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 13 தடவை 28 என்றால் 364 நாள். வருஷத்துக்கு 365. ஆகவே ஒவ்வொரு வருஷமும் முதல் சுற்றின் தேதி ஒரு நாள், லீப் வருஷம் கழிந்தால் இரண்டு நாள் முன்னால் நகரும். 2024-ல் முதல் சுற்று ஜனவரி 25. 2025-ல் ஜனவரி 23. 2026-ல் ஜனவரி 22. சாதாரணமாக வருஷத்துக்கு 13 சுற்று. 2020-ல் ஜனவரி 2-ல் தொடங்கியதால் டிசம்பர் 31-ல் பதினான்காவது சுற்றும் வந்துவிட்டது.

அமலுக்கு வரும் நாளன்று காலையில் அறிவித்தால் போதுமா? போதாது. தகவலை வெளியிடும் நாடு 42 நாட்களுக்கு முன்பே அனுப்பிவிடவேண்டும். குறைந்தது 28 நாட்களுக்கு முன்பாவது அது பெறுபவர் கையில் இருக்கவேண்டும் என்பது குறிக்கோள். 2025 ஏப்ரல் 17 வியாழக்கிழமை ஒரு மாற்றம் அமலாகவேண்டும் என்றால், மார்ச் 6-க்குள் அனுப்பவேண்டும். மார்ச் 20-க்குள் போய்ச் சேரவேண்டும். நடுவில் இருக்கும் 14 நாள் தபாலுக்கு. பிறகு இருக்கும் 28 நாள், வரைபடம் அச்சிடுபவர்களுக்கும் கணினியில் ஏற்றுபவர்களுக்கும். பெரிய மாற்றமாக இருந்தால் 56 நாட்களுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது என்கிறார்கள்.

நம் ஊரில் பஸ் ரூட்டை மாற்றிவிட்டு, ஸ்டாப்பில் மூன்று நாள் நின்றபிறகு நமக்குத் தெரியவருகிறதே, அந்த நிலை வானத்தில் வரக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு.

நடுவில் வருகிற அவசரம்

கிரேன் 28 நாள் காத்திருக்காது. இரவோடு இரவாக ஓடுபாதை விளக்கு பழுதாகலாம். அப்படிப்பட்ட அவசரச் செய்திகளுக்கு நோட்டாம் என்று ஒரு முறை இருக்கிறது. அது தந்தி பாஷையில் எழுதிய சின்ன அறிவிப்பு. எந்த நிலையம், என்ன விஷயம், எப்போதிலிருந்து எப்போதுவரை என்று சுருக்கமாக இருக்கும். நம் நாட்டில் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு இடங்களில் சர்வதேச நோட்டாம் அலுவலகங்கள் அமைந்தன. தற்காலிக மாற்றம் மூன்று மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் என்றால், ஏ.ஐ.பி.க்குத் துணை ஏடு ஒன்றை வெளியிடுவார்கள்.

ஆக, 'புது வரைபடம் வாங்கிட்டேன்' என்று சொன்னால் பாதி வேலைதான் முடிந்தது. வரைபடம், துணை ஏடு, நோட்டாம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய நிலைமை தெரியும். நம் கிளாஸ் டைம்டேபிள் சுவரில் ஒட்டியிருக்கும். ஆனால் 'இன்று இரண்டாவது ஹவர் லேப்' என்று நோட்டீஸ் போர்டில் சீட்டு போட்டிருப்பார்கள் அல்லவா? அந்தச் சீட்டுதான் நோட்டாம்.

பத்து சென்ட் நோட்டுப் புத்தகம்

இப்போது விமானியின் கைக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். இதில் ஒரு நல்ல கதை இருக்கிறது.

எல்ரே ஜெப்பெசன் என்பவர் அமெரிக்காவில் தபால் விமானம் ஓட்டியவர். 1907-ல் பிறந்தவர். 1930 வாக்கில் விமானிகளுக்கென்று சரியான வரைபடமே கிடையாது. ரோடு மேப்பையும் ரயில் பாதையையும் பார்த்து ஓட்டினார்கள். குளிர்காலத்தில் சக விமானிகள் ஒவ்வொருவராக மலையில் மோதி இறப்பதைப் பார்த்தார். பத்து சென்ட் கொடுத்து ஒரு கறுப்பு நோட்டுப் புத்தகம் வாங்கினார். தாளைக் கழற்றி மாட்டக்கூடிய வகை. தான் இறங்கும் ஒவ்வொரு மைதானத்தின் நீளம், சரிவு, விளக்கு, சுற்றிலும் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி எல்லாவற்றையும் அதில் எழுதினார். விமானத்தின் உயரமானியைக் கையில் எடுத்துக்கொண்டு மலைமேல் ஏறி உயரம் குறித்தார். வானிலை கேட்பதற்காக வழியில் இருக்கும் விவசாயிகளின் டெலிபோன் எண்களையும் குறித்துவைத்தார்.

மற்ற விமானிகள் பார்த்துவிட்டு எங்களுக்கும் ஒரு காப்பி கொடு என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1934-ல் அச்சிட்டு ஒரு புத்தகம் 10 டாலர் என்று விற்றார். அது வளர்ந்து பெரிய நிறுவனமாகி, உலகம் முழுவதும் விமானிகள் வரைபடத்தையே 'ஜெப்' என்று சொல்லும் அளவுக்கு வந்தது. அவர் 1996-ல் காலமானார். டென்வர் விமான நிலையத்தின் முனையக் கட்டடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தக் கழற்றி மாட்டும் தாள். பைண்டு புத்தகமாக இருந்தால் ஒரு பக்கம் பழசானால் முழுப் புத்தகமும் பழசு. தனித்தாளாக இருந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகிவிடலாம். பல ஆண்டுகளாக இப்படித்தான் நடந்தது. சந்தா கட்டிய விமானிக்குத் தபாலில் கவர் வரும். உள்ளே மெல்லிய தாள்கள். கூடவே எந்தப் பக்கத்தை எடுக்கவேண்டும், எந்தப் பக்கத்தைச் சேர்க்கவேண்டும் என்று ஒரு கடிதம். விமானி உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, முன்பக்கத்தில் இருக்கும் திருத்தப் பதிவேட்டில் தேதி போட்டுக் குறித்துவைப்பார். அலுப்பான வேலைதான். ஆனால் அந்த அலுப்புக்குத்தான் உயிரின் விலை.

தாளிலிருந்து டேப்லெட்டுக்கு

இன்று பெரிய விமான நிறுவனங்கள் ஜெப்பெசன், லுஃப்தான்சா சிஸ்டம்ஸின் லிடோ போன்ற வரைபடங்களுக்குச் சந்தா கட்டுகின்றன. அவர்கள் ஒவ்வொரு நாட்டின் ஏ.ஐ.பி.யையும் வாங்கி, எல்லா நாட்டுக்கும் ஒரே பாணியில் வரைந்து கொடுக்கிறார்கள். அரசு வெளியிடும் வரைபடத்தையே நேரடியாகப் பயன்படுத்துவோரும் உண்டு. அமெரிக்காவில் விமானத் துறை நிர்வாகம் தன் வரைபடங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. இறங்குமுறை வரைபடங்களின் கணினித் தொகுப்பு 28 நாளுக்கு ஒருமுறை வரும். முன்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த செக்‌ஷனல் வரைபடங்கள் 2021 பிப்ரவரியிலிருந்து 56 நாளுக்கு ஒருமுறை வருகின்றன. தாளில் வேண்டும் என்பவர்களுக்கு, அனுமதி பெற்ற அச்சகத்தார் அச்சிட்டு விற்கிறார்கள்.

தோளில் தொங்கிய கனமான பையும் போய்விட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013-ல் தன் விமானிகள் எல்லாருக்கும் டேப்லெட் கொடுத்து முடித்தது. ஒவ்வொரு விமானியும் தூக்கிவந்த பை 35 பவுண்டு, சுமார் 16 கிலோ. அந்தச் சுமை குறைந்ததால் மட்டும் வருஷத்துக்கு 4 லட்சம் காலன் எரிபொருள் மிச்சம் என்று அந்த நிறுவனம் கணக்குச் சொன்னது.

ஆனால் டேப்லெட் வந்ததால் பிரச்னை தீர்ந்ததா? 2015 ஏப்ரல் 28 அன்று அதே நிறுவனத்தின் பல விமானங்கள் புறப்பட முடியாமல் நின்றன. வாஷிங்டனின் ரீகன் விமான நிலைய வரைபடம் ஒன்று தொகுப்பில் இரண்டு தடவை பதிவாகியிருந்ததால் மென்பொருள் முடங்கிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றியபிறகுதான் கிளம்பினார்கள். வரைபடம் இல்லாமல் கிளம்பமாட்டோம் என்று நின்றார்களே, அதுதான் சரியான பழக்கம்.

விமானத்துக்குள் இருக்கும் கணினியிலும் இதே தகவல் தொகுப்பாக இருக்கும். அதையும் 28 நாளுக்கு ஒருமுறை பராமரிப்புப் பொறியாளர்கள் ஏற்றுகிறார்கள். போயிங் விமானங்களில் நடப்புத் தொகுப்பு ஒன்று, இன்னொரு சுற்றுக்கான தொகுப்பு ஒன்று என இரண்டு இருக்கும். திரையின் முதல் பக்கத்திலேயே இரண்டின் தேதிகளும் தெரியும். விமானி உட்கார்ந்தவுடன் பார்க்கவேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

இரண்டு பெரிய பாடங்கள்

முதல் பாடம் அண்டார்டிகாவில். 1979 நவம்பர் 28. ஏர் நியூசிலாந்தின் டி.சி.-10 விமானம் பனிக்கண்டத்தைச் சுற்றிக்காட்டப் பயணிகளோடு போனது. சில வாரங்களுக்கு முன் விமானிகளுக்கு நடந்த விளக்க வகுப்பில் காட்டிய பாதை, மக்மர்டோ ஜலசந்தியின் சமதளமான கடல்பனிமேல் போவது. கணினியில் தீர்க்க ரேகை 164 டிகிரி 48 நிமிடம் என்று தவறாகப் பதிவாகியிருந்ததால் வந்த பாதை அது. விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன் அதை 166 டிகிரி 58 நிமிடமாகத் திருத்தினார்கள். சின்ன மாற்றம்தானே என்று நினைத்ததாகப் பின்னர் சொன்னார்கள். விமானியிடம் யாரும் சொல்லவில்லை.

வித்தியாசம் 2 டிகிரி 10 நிமிடம், அதாவது 130 நிமிடம். நிலநடுக்கோட்டில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். சுமார் 78 டிகிரி தெற்கில் அதை காஸ் 78-ஆல் பெருக்கவேண்டும். 130 × 0.208 = 27 கடல் மைல். அந்த 27 மைல், பாதையைக் கடல்பனியிலிருந்து தூக்கி 3,794 மீட்டர் உயரமுள்ள எரபஸ் மலைமேல் போட்டுவிட்டது. வெள்ளைப் பனியும் வெள்ளை மேகமும் ஒன்றாகத் தெரிய, சமதளம் என்று நம்பிக் கீழே இறங்கிய விமானம் மலைச்சரிவில் மோதியது. 257 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. முதலில் வந்த விபத்து அறிக்கை விமானிகள்மேல் குறை சொன்னது. 1981-ல் நீதிபதி பீட்டர் மகான் தலைமையிலான விசாரணை ஆணையமோ, விமானிகளிடம் சொல்லாமல் பாதையை மாற்றியதே முதன்மைக் காரணம் என்றது.

கவனியுங்கள் தோழர்களே, திருத்தியது தப்பில்லை. சொல்லாமல் திருத்தியதுதான் தப்பு.

இரண்டாவது பாடம் கொலம்பியாவில். 1995 டிசம்பர் 20. காலி நகரில் இறங்கவேண்டிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 757 விமானம். தாள் வரைபடத்தில் ரோஸோ என்ற ரேடியோ நிலையத்துக்கு 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து. விமானிகள் கணினியில் 'ஆர்' என்று தட்டினார்கள். கணினித் தொகுப்பிலோ ரோஸோ முழுப் பெயரில் தனியாகப் பதிவாகியிருந்தது. 'ஆர்' என்றால் பொகோட்டா அருகே வெகுதூரத்தில் இருந்த ரோமியோ என்ற வேறொரு நிலையம். விமானம் அந்தப் பக்கம் திரும்பி மலைகளுக்குள் போய்விட்டது. 163 பேரில் 159 பேர் இறந்தார்கள். அவசரத்தில் சரிபார்க்காமல் விட்டதும் காரணம். தாளும் கணினியும் ஒரே பேச்சுப் பேசாததும் காரணம்.

விமானி பார்க்கும் ஐந்து கேள்விகள்

மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. என் கையில் இருக்கும் தொகுப்பின் தேதி இன்றைக்குச் செல்லுமா? அமெரிக்க அரசின் இறங்குமுறை வரைபடங்களில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். ஜெப்பெசன் தாளில் மேலே தேதியும், கீழே 'மாற்றங்கள்' என்ற குறிப்பும் இருக்கும். நம் ரிவிஷன் காலம் மாதிரியே!
2. மதுரை, சென்னை மட்டுமின்றி, சென்னையில் இறங்க முடியாவிட்டால் போகவேண்டிய பெங்களூருக்கோ திருச்சிக்கோ வரைபடம் இருக்கிறதா?
3. துணை ஏடு ஏதாவது வந்திருக்கிறதா?
4. இன்றைய நோட்டாம் என்ன சொல்கிறது?
5. தாளில் அல்லது டேப்லெட்டில் இருப்பதும், விமானக் கணினி காட்டுவதும் ஒன்றுதானா?

அமெரிக்காவில் சொந்தமாகச் சின்ன விமானம் ஓட்டுகிறவர் புது வரைபடம் வைத்திருந்தே ஆகவேண்டும் என்று நேரடி விதி இல்லை. ஆனால் பறக்கும் முன் கிடைக்கக்கூடிய எல்லாத் தகவலையும் தெரிந்துகொள்ளவேண்டும் என்று விதி இருக்கிறது. பழைய வரைபடத்தோடு போய் ஏதாவது நடந்தால் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நமக்கு என்ன வேலை?

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கணக்குக்கு வருவோம். இந்த வரைபடங்களில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் யாரோ ஒருவர் தரையில் நின்று அளந்திருக்கிறார். அந்த யாரோ ஒருவர் நாளைக்கு நாமாக இருக்கலாம்.

சென்னை விமான நிலையத்துக்கு அருகே இருக்கும் பரங்கிமலையைப் பார்த்திருப்பீர்கள். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அடிக்கோடு அளக்க ஆரம்பித்தது அங்கேதான். அந்த அளவையிலிருந்து நாட்டின் வரைபடங்கள் பிறந்தன; எவரெஸ்ட் பெயர்கொண்ட நீள்வட்டக் கணக்கில் அட்ச, தீர்க்க ரேகைகள் குறிக்கப்பட்டன. செயற்கைக்கோள் வந்தபிறகு உலகம் முழுவதும் ஒரே கணக்கு வேண்டியிருந்தது. 1998 ஜனவரி 1 முதல் விமானப் போக்குவரத்துக்கு டபிள்யு.ஜி.எஸ்.-84 என்ற கணக்கே பொது என்று முடிவானது. பழைய கணக்கில் சொன்ன இடமும் புதிய கணக்கில் சொன்ன இடமும் எண்ணளவில் ஒன்றாக இருக்காது. சில நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். மலையும் கோபுரமும் நின்ற இடத்தில்தான் நிற்கின்றன. விலாசம் மட்டும் மாறியது.

விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியில் உயரமான கட்டடமோ டவரோ கட்டவேண்டும் என்றால் 2015-ல் வந்த உயரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி விமான நிலைய ஆணையத்திடம் தடையில்லாச் சான்று வாங்கவேண்டும். அந்த மனுவில் இடத்தின் அட்ச, தீர்க்க ரேகையும், கடல் மட்டத்திலிருந்து தரையின் உயரமும் எழுதவேண்டும். அதை அளப்பவர் யார்? டோட்டல் ஸ்டேஷன் பிடிக்கத் தெரிந்த டிப்ளமோ சர்வேயர்தான். அட்ச ரேகையில் ஒரு விநாடி பிசகினால் சுமார் 31 மீட்டர். ஒரு நிமிடம் பிசகினால் 1,852 மீட்டர். லெவல் புக்கில் ரிடியூஸ்டு லெவலை மாற்றி எழுதினால் கட்டடம் அனுமதித்த உயரத்தைத் தாண்டிவிடும். பிறகு எத்தனை வியாழக்கிழமை வந்து என்ன பயன்? தப்பான எண்தான் தேதி தவறாமல் உலகம் முழுவதும் போகும்.

மெக்கானிக்கல் நண்பர்கள் விமானப் பராமரிப்புக்குப் போகலாம். கம்ப்யூட்டர் நண்பர்கள் தகவல் தொகுப்பு வேலைக்குப் போகலாம். எங்கே போனாலும் மூன்று பழக்கம் நம்மோடு வரட்டும். அளந்ததைச் சரியாக எழுதுவது. மாற்றினால் மாற்றினேன் என்று சம்பந்தப்பட்டவருக்குச் சொல்வது. அடுத்தவர் கொடுத்த தாளைக் கையில் வாங்கியதும் தேதியைப் பார்ப்பது.

பயிற்சிக்கு இரண்டு கணக்கு

1. 2025-ல் முதல் சுற்று ஜனவரி 23. நான்காவது சுற்று எந்தத் தேதி?
2. ஓர் ஓடுபாதையின் ஒரு முனை எண் 09. மறுமுனை எண் என்ன?

விடை: 1. ஏப்ரல் 17 (23 ஜனவரியோடு 84 நாள் கூட்டவேண்டும்). 2. 27.

அடுத்த முறை தலைக்குமேல் விமானம் போகும் சத்தம் கேட்டால், அதில் இருப்பவர்கள் ஒரு தாளின் தேதியை நம்பிப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் ஷீட்டின் டைட்டில் பிளாக்கில் தேதிக் கட்டம் காலியாக இருந்தால், இப்பவே நிரப்பிடுங்க!